கடல் தந்த மொழி

நுழையும்முன்

தாய்மொழி தொட்டிலிலேயே வந்து சேர்கிறது. பிறமொழி வாழ்வின் எந்தப் பருவத்திலும் வந்து சேரலாம். ஒரு மொழியை எந்த வயதில் கற்கிறோம் என்பது, அம்மொழி எந்த அளவுக்கு வசப்படும் என்பதைத் தீர்மானிக்கிறதா? வயது கடந்தபின் கற்போருக்கு எவை கைகூடும், எவை கைகூடா? மூன்று மொழிகளை மூன்று வெவ்வேறு பருவங்களில் பெற்ற ஒரு மாலுமியின் வாழ்க்கை, இவ்வினாக்களுக்கு விடை காண வழிகாட்டுகிறது.

ஓர் அவையில்

1923ஆம் ஆண்டு மே மாதம் 10ஆம் நாள். நியூயார்க் நகரில் செல்வர் ஒருவரின் இல்லத்தில் அழைக்கப்பட்டோர் பலர் கூடியிருந்தனர். ஆங்கில நாவலாசிரியர்களுள் தலைசிறந்த ஒருவர், தம் நாவலின் சில பக்கங்களைத் தாமே படித்துக்காட்ட இசைந்திருந்தார். அத்தகைய அழைப்புகளை வாழ்நாளெல்லாம் தவிர்த்து வந்தவர் அவர். அன்று அவர் வாய்திறந்து படித்தபோது, அவையோர் கேட்ட ஆங்கிலம் அவர்தம் நூல்களில் கண்ட ஆங்கிலமாக ஒலிக்கவில்லை. சொற்கள் செம்மையாக இருந்தன. தொடர்கள் அழகாக இருந்தன. ஒலிகளோ வேற்று நிலத்தின் ஒலிகளாக இருந்தன. எழுத்தில் ஆங்கிலேயரையே வியக்க வைத்த அவர், பேச்சில் இறுதிவரை அயலாராகவே இருந்தார். அவரே ஜோசப் கான்ராட்.

தொட்டிலில் வந்த மொழி

கான்ராட் 1857ஆம் ஆண்டு டிசம்பர் 3ஆம் நாள், இன்று உக்ரைன் நாட்டில் உள்ள பெர்டிச்சிவ் என்னும் ஊரில் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் யூசெஃப் தியோடோர் கொன்ராட் கோஜெனியோவ்ஸ்கி என்பதாகும். அக்காலத்தில் போலந்து என்னும் நாடு உலக வரைபடத்தில் இல்லை. இரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா ஆகிய மூன்று பேரரசுகளும் அந்நாட்டைப் படிப்படியாகப் பங்கிட்டு, 1795ஆம் ஆண்டில் முற்றிலும் விழுங்கிவிட்டன. நாட்டை இழந்த போலந்து மக்களுக்கு எஞ்சியிருந்த பெருஞ்செல்வம் அவர்தம் மொழியே ஆகும்.

தந்தை அப்பல்லோ கவிஞர், மொழிபெயர்ப்பாளர், விடுதலை வேட்கை மிக்கவர். போலந்தின் பெருங்கவிஞராகிய மிட்ஸ்கியேவிச் படைத்த காவியத் தலைவனின் பெயரையே தம் மகனுக்கும் சூட்டினார். இரஷ்ய ஆட்சிக்கு எதிராகச் செயல்பட்டதற்காக 1861ஆம் ஆண்டு வார்சா நகரில் கைது செய்யப்பட்டார். மறு ஆண்டே குடும்பம் முழுவதும் இரஷ்யாவின் வடபகுதியில் உள்ள வோலக்தா நகருக்கு நாடு கடத்தப்பட்டது. அப்போது கான்ராடுக்கு நான்கு வயது. பனியும் வறுமையும் தாயின் உடலைச் சிதைத்தன. காசநோய்க்கு ஆளான தாய் ஏவா 1865ஆம் ஆண்டு மறைந்தார்.

ஏழு வயதுச் சிறுவனுக்குத் தந்தையே ஆசிரியர் ஆனார். தோழர் இல்லாத அவ்வீட்டில் நூல்களே தோழமை தந்தன. மிட்ஸ்கியேவிச்சின் காவியத்தைத் தந்தை உரக்கப் படித்துக்காட்டுவார். மகனையும் படிக்கச் செய்வார். விக்டர் ஹியூகோ எழுதிய கடல்சார் நாவலைத் தந்தை மொழிபெயர்த்தபோது, அச்சுப்படிகளை உரக்கப் படிக்கும் பணி சிறுவனுக்குக் கிடைத்தது. பின்னாளில் தம் வாழ்வாகவே ஆன கடலை அவர் முதலில் கண்டது அப்பக்கங்களில்தான். ஷேக்ஸ்பியரையும் அவர் முதன்முதலில் அறிந்தது தந்தையின் போலந்து மொழிபெயர்ப்பு வழியாகவே ஆகும். செவிவழி கேட்டும் உரக்கப் படித்தும் பழகிய தாய்மொழி, அச்சிறுவனின் உள்ளத்தில் ஆழ வேரூன்றியது.

மகன் போலந்து மொழிச் சூழலில் வளர வேண்டும் என்பதற்காகத் தந்தை ஆஸ்திரிய ஆட்சிக்கு உட்பட்ட பகுதிக்குக் குடிபெயர்ந்தார். ஆயினும் 1869ஆம் ஆண்டு மே மாதம் கிராகோவ் நகரில் அவரும் காசநோயால் மறைந்தார். நாட்டுப்பற்றாளரின் இறுதி ஊர்வலத்தில் மக்கள் திரளாகக் கலந்துகொண்டனர். அதன் முன்னே நடந்து சென்றவர் பதினொரு வயதுக் கான்ராட். அதன்பின் தாய்மாமன் ததேயுஷ் அவரைப் பேணிக் காத்தார்.

இளமையில் வந்த மொழி

போலந்தின் உயர்குடிக் குடும்பங்களில் குழந்தைகளுக்குப் பிரெஞ்சு மொழி கற்பிப்பது அக்கால வழக்கம். கான்ராடும் சிறு வயதிலேயே பிரெஞ்சு கற்கத் தொடங்கினார். தாய்மொழி வேரூன்றிக்கொண்டிருந்த அதே பருவத்தில் இரண்டாம் மொழியின் ஒலிகளும் அவர் செவியில் விழுந்தன. அதன் பயன் பின்னர்த் தெரியவந்தது.

கடலைக் கண்ணால் காணாத நாட்டில் வளர்ந்த அவர், மாலுமியாகப் போவதாக அறிவித்தபோது உறவினர் திகைத்தனர். இரஷ்யக் குடிமகனாகவும் அரசியல் கைதியின் மகனாகவும் இருந்ததால், நீண்டகாலப் படைப்பணிக்கு இழுக்கப்படும் அச்சமும் இருந்தது. இறுதியில் மாமன் இசைந்தார். 1874ஆம் ஆண்டு அக்டோபரில், பதினேழு வயது நிரம்பும் முன்னரே, கான்ராட் பிரான்சின் மார்சேய் துறைமுகத்துக்குப் புறப்பட்டார். பிரெஞ்சுக் கப்பல்களில் மேற்கிந்தியத் தீவுகளுக்குச் சென்று திரும்பினார். சிறுவயதில் கற்ற பிரெஞ்சு, துறைமுகப் பேச்சோடு கலந்து நாவில் நன்கு படிந்தது. பிற்காலத்தில் அவரைச் சந்தித்த பிரெஞ்சுக் கவிஞர் பால் வலேரி, அவருடைய பிரெஞ்சு நல்ல உச்சரிப்பு உடையதென்றும் அதில் தென்பிரான்சின் சாயல் சிறிதளவே தென்பட்டதென்றும் பதிவு செய்துள்ளார். அவரே கான்ராடின் ஆங்கில உச்சரிப்பைக் கேட்டுத் திடுக்கிட்டார் என்பது கருதத்தக்கது.

இருபதாம் வயதில் வந்த மொழி

இரஷ்யக் குடிமகன் என்பதால் பிரெஞ்சுக் கப்பல்களில் தொடர்ந்து பணியாற்றக் கான்ராடுக்கு இடையூறு ஏற்பட்டது. 1878ஆம் ஆண்டு அவர் ஓர் ஆங்கில நீராவிக் கப்பலில் சேர்ந்தார். அவ்வாண்டு ஜூன் மாதம் இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் உள்ள லோஸ்டாஃப்ட் துறைமுகத்தில் முதன்முதலாக இறங்கினார். அப்போது அவருக்கு வயது இருபது. அவர் அறிந்திருந்த ஆங்கிலச் சொற்கள் மிகச் சில.

அவருடைய முதல் ஆங்கிலப் பள்ளி ஒரு நிலக்கரிக் கப்பல். லோஸ்டாஃப்டுக்கும் நியூகாசிலுக்கும் இடையே சென்றுவந்த அக்கப்பலில், கிழக்குக் கரை மாலுமிகளே ஆசிரியர்கள். கயிற்றை இழுக்கவும் பாயை மடக்கவும் இடப்படும் கட்டளைகளே பாடங்கள். சொல் விளங்காவிட்டால் வேலை தவறும். வேலை தவறினால் உயிருக்கே இடர் நேரும். எனவே ஒவ்வொரு சொல்லும் ஒரு பொருளோடும் ஒரு செயலோடும் பிணைந்து அவர் நினைவில் நின்றது. ஓய்வு நேரங்களில் செய்தித்தாள்களைப் படித்தார். ஷேக்ஸ்பியரை இம்முறை ஆங்கிலத்திலேயே படித்தார்.

கடல்வாழ்வில் முன்னேற அவர் வணிகக் கப்பல் அலுவலருக்கான தேர்வுகளை ஆங்கிலத்தில் எழுதவும், தேர்வாளர் முன் அமர்ந்து வாய்மொழியாக விடையளிக்கவும் வேண்டியிருந்தது. 1880இல் இரண்டாம் துணைவருக்கான தேர்விலும், 1884இல் முதல் துணைவருக்கான தேர்விலும், 1886இல் கப்பல் தலைவருக்கான தேர்விலும் வெற்றி பெற்றார். பின்னிரு தேர்வுகளிலும் முதல் முயற்சியில் தோற்று, மீண்டும் முயன்றே வென்றார். 1886ஆம் ஆண்டில் பிரித்தானியக் குடியுரிமையும் பெற்றார். ஆங்கிலம் அறியாமல் கரையிறங்கிய இளைஞர், எட்டே ஆண்டுகளில் ஆங்கிலக் கப்பலுக்குத் தலைமை தாங்கும் தகுதி பெற்றார்.

இக்காலத்தில் சென்னை நகரமும் அவர் வாழ்வில் இடம்பெற்றது. 1884ஆம் ஆண்டு ஏப்ரலில் 'ரிவர்ஸ்டேல்' என்னும் கப்பலில் இரண்டாம் துணைவராகச் சென்னைத் துறைமுகம் வந்துசேர்ந்தார். கப்பல் தலைவரோடு ஏற்பட்ட பிணக்கால் இங்கேயே பணியிலிருந்து நீங்கினார். சென்னையிலிருந்து தொடர்வண்டியில் பம்பாய் சென்று 'நார்சிசஸ்' என்னும் கப்பலில் சேர்ந்தார். அப்பயண அனுபவமே பின்னர் அவருடைய சிறந்த நாவல் ஒன்றுக்கு அடித்தளம் ஆயிற்று.

பேனா பிடித்த மாலுமி

1889ஆம் ஆண்டின் இலையுதிர்காலம். கான்ராட் இலண்டனில் வேலைக்குக் காத்திருந்தார். போர்னியோத் தீவுப் பகுதியில் தாம் கண்ட வணிகர் ஒருவரை மனத்தில் கொண்டு ஒரு கதையை எழுதத் தொடங்கினார். பிறப்போடு வந்த போலந்து மொழி இருந்தது. இளமையில் வந்த பிரெஞ்சு மொழி இருந்தது. ஆயினும் அவர் எழுதியது பதினோர் ஆண்டுகளுக்கு முன் கற்கத் தொடங்கிய ஆங்கிலத்தில். இரு மொழிகளுள் ஒன்றாக ஆங்கிலத்தைத் தாம் தேர்ந்தெடுக்கவில்லை என்றும், அம்மொழியே தம்மைத் தத்தெடுத்துக்கொண்டது என்றும் பிற்காலத்தில் அவர் விளக்கினார்.

முடிவுறாத அக்கைப்படியை அவர் ஐந்தாண்டுகள் தம்மோடு சுமந்து திரிந்தார். 1890ஆம் ஆண்டு ஆப்பிரிக்காவின் காங்கோ ஆற்றுக்குச் சென்றபோதும் அது உடன் சென்றது. அங்கே பெல்ஜிய மன்னரின் ஆட்சியில் நிகழ்ந்த கொடுமைகளைக் கண்டார். உடல்நலம் குன்றித் திரும்பினார். 1894இல் கடல்வாழ்வு முடிவுற்றது. 1895ஆம் ஆண்டு, அவருடைய முப்பத்தேழாம் வயதில், 'ஆல்மேயர்ஸ் ஃபாலி' என்னும் முதல் நாவல் வெளிவந்தது. ஆங்கிலேயர் நாவில் எளிதில் நுழையாத தம் குடும்பப் பெயரை விடுத்து, ஜோசப் கான்ராட் என்னும் பெயரை அந்நூலில் இட்டுக்கொண்டார்.

அதன்பின் 'லார்ட் ஜிம்', 'ஹார்ட் ஆஃப் டார்க்னஸ்', 'நோஸ்ட்ரோமோ', 'தி சீக்ரெட் ஏஜெண்ட்' எனப் பல படைப்புகள் வெளிவந்தன. அவற்றின் தொடர்கள் நீண்டவை. அலைமேல் அலை எழுவதுபோல் அடுக்கி வருபவை. ஆங்கிலத் தொடரமைப்பைத் தவறின்றிக் கையாண்டதோடு, அதற்குப் புதியதோர் இசையையும் அவர் தந்தார். 1948ஆம் ஆண்டு ஆங்கிலத் திறனாய்வாளர் எஃப்.ஆர். லீவிஸ், ஆங்கில நாவல் மரபின் பெரும்படைப்பாளர் சிலருள் ஒருவராகக் கான்ராடை நிறுத்தினார்.

நாவும் பேனாவும்

எழுத்து எளிதில் கைகூடியது எனக் கருதலாகாது. ஒரு சொல்லுக்காக அவர் பல மணிநேரம் காத்திருந்ததுண்டு. போலந்து மொழியில் பெயர்ச்சொல்லுக்கு முன் வரும் சுட்டுச் சார்பெழுத்து கிடையாது. ஆங்கிலத்திலோ பல பெயர்ச்சொற்கள் அஃதின்றி நிற்பதில்லை. இத்தகைய வேறுபாடுகளைக் கவனத்தாலும் உழைப்பாலும் அவர் வென்றார். எழுதியதை அடித்துத் திருத்தலாம். மறுநாள் மீண்டும் நோக்கலாம். எழுத்து காத்திருக்கும்.

பேச்சு காத்திருப்பதில்லை. ஆங்கிலத்தில் நாவின் நுனியைப் பற்களிடையே வைத்து ஒலிக்கும் ஒலி போலந்து மொழியில் இல்லை. போலந்து மொழியில் சொல்லின் இறுதியில் வரும் மெல்லோசை, வல்லோசையாக மாறிவிடும். ஆங்கிலத்தில் அவ்வாறு மாற்றினால் ஒரு சொல் வேறொரு சொல்லாகிவிடும். இருபது ஆண்டுகள் ஒரு மொழியின் ஒலிகளுக்குப் பழகிவிட்ட நா, புதிய ஒலிகளுக்கு எளிதில் வளைந்து கொடுப்பதில்லை. இங்கிலாந்தில் பல்லாண்டுகள் வாழ்ந்தும், ஆங்கிலப் பெண்ணை மணந்தும், ஆங்கிலம் பேசும் மக்களைப் பெற்றும் கான்ராடின் உச்சரிப்பு மாறவில்லை.

இது அவரை வருத்தியது. 1910ஆம் ஆண்டு ஒரு நாவலை முடித்த களைப்போடு தம் இலக்கிய முகவரைச் சந்தித்தார். பேச்சு முற்றியபோது, கான்ராட் தம்மிடம் ஆங்கிலத்தில் பேசவில்லை என்னும் பொருள்பட முகவர் ஒரு சொல் சொல்லிவிட்டார். அப்போது கான்ராட் பதினைந்து ஆண்டுகளாக ஆங்கில நூல்களை வெளியிட்டுக்கொண்டிருந்தவர். அச்சொல் ஆறாத புண்ணாகியது. இருவருக்கும் இடையே ஈராண்டளவு பேச்சற்றுப் போயிற்று.

காய்ச்சலில் எழுந்த தாய்மொழி

அச்சந்திப்பை அடுத்துக் கான்ராட் கடும் நோயில் வீழ்ந்தார். காய்ச்சலின் மயக்கத்தில் அவர் இடைவிடாது பேசினார். பேசியது பெரும்பாலும் போலந்து மொழியில். அருகிலிருந்த மனைவி ஜெஸ்ஸிக்கு அம்மொழி விளங்கவில்லை. 1896ஆம் ஆண்டு, மணமான புதிதில் பிரான்சின் தீவு ஒன்றில் தங்கியிருந்தபோதும் இவ்வாறே நிகழ்ந்தது. தம் கணவர் தமக்குத் தெரியாத மொழியில் யாருடனோ பேசிக்கொண்டிருப்பதைக் கண்டு அவர் அஞ்சினார்.

இவ்வனுபவத்தின் சாயலைக் கான்ராட் 1901ஆம் ஆண்டு எழுதிய 'ஏமி ஃபாஸ்டர்' என்னும் சிறுகதையில் காணலாம். கிழக்கு ஐரோப்பிய மலைநாட்டு இளைஞன் ஒருவன் கப்பல் உடைந்து இங்கிலாந்துக் கரையில் ஒதுங்குகிறான். அவன் பேச்சைக் கேட்ட ஊரார் அவனைப் பித்தன் எனக் கருதி விரட்டுகின்றனர். இரக்கம் காட்டிய ஒரு பெண்ணை அவன் மணக்கிறான். ஒரு குழந்தையும் பிறக்கிறது. ஒருநாள் காய்ச்சல் முற்றித் தண்ணீர் கேட்கிறான். தாய்மொழியில் கேட்கிறோம் என்பதை அவனே உணரவில்லை. அக்குரலைக் கேட்டு மிரண்ட மனைவி குழந்தையோடு வீட்டைவிட்டு ஓடுகிறாள். தண்ணீர் என்னும் ஒரு சொல் புரியாமையால் ஓர் உயிர் பிரிகிறது. பிற்காலத்தில் கற்ற மொழி நோயின்முன் நழுவிவிடலாம் என்பதையும், தொட்டிலில் கேட்ட மொழி இறுதிவரை உடனிருக்கும் என்பதையும் அக்கதை உணர்த்துகிறது.

இத்தகையவரைத் தாய்மொழியைத் துறந்தவர் எனச் சிலர் குற்றம் சாட்டினர். 1899ஆம் ஆண்டு போலந்து எழுத்தாளர் எலிசா ஓஷெஷ்கோவா, பொருளுக்காக வேற்றுமொழியில் எழுதுவதாகக் கான்ராடைக் கடிந்து எழுதினார். நாடிழந்த மக்களின் துயரிலிருந்து எழுந்த சொற்கள் அவை. அவற்றைக் கான்ராட் வாழ்நாள் முழுவதும் மறக்கவில்லை. 1914ஆம் ஆண்டு, நாற்பது ஆண்டுகளுக்குப்பின் கிராகோவ் நகருக்குக் குடும்பத்தோடு சென்றபோது, அவர் அங்குள்ளோரிடம் தாய்மொழியில் தங்குதடையின்றி உரையாடினார். எழுதாத மொழி அவரிடம் அழியாமல் இருந்தது.

அறிஞர் கண்ட உண்மை

கான்ராடின் மறைவுக்குப்பின் மொழியியலாளர் இவ்வேறுபாட்டை ஆராய்ந்தனர். 1967ஆம் ஆண்டு எரிக் லென்னபர்க், மொழியை இயல்பாகப் பெறுவதற்கு உரிய ஒரு பருவம் உண்டு என்றும், அப்பருவம் பூப்பெய்தும் வயதளவில் முடிகிறது என்றும் கருதினார். தாமஸ் ஸ்கோவெல் என்னும் அறிஞர், சொல்லும் தொடரும் முழுமையாக வசப்பட்டும் உச்சரிப்பு மட்டும் வசப்படாத நிலைக்குக் கான்ராடின் பெயரையே இட்டார்.

வயதில் மூத்தோர் எல்லா வகையிலும் பின்தங்குவதில்லை. 1978ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு, நெதர்லாந்தில் குடியேறி டச்சு மொழி கற்ற ஆங்கிலேயரை ஒப்பிட்டது. தொடக்க மாதங்களில் விரைவாகக் கற்றோர் 12 முதல் 15 வயதுடையோரும் பெரியோருமே; மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகள் பின்தங்கியிருந்தனர். காலம் செல்லச்செல்லச் சிறுவர் மூத்தோரை எட்டிப் பிடித்தனர். விரைவு மூத்தோர்க்கு வாய்க்கிறது. இயல்பான ஒலிப்போ இளையோர்க்கே பெரும்பாலும் வாய்க்கிறது.

மற்றோர் உண்மையும் உண்டு. 1993ஆம் ஆண்டு ரேச்சல் மேபெரி என்பவர், சைகை மொழியைக் காலந்தாழ்த்திக் கற்ற இரு பிரிவினரை ஒப்பிட்டார். ஒரு பிரிவினர் பேச்சுமொழியை இளமையில் பெற்றுப் பின்னர்க் கேட்கும் திறனை இழந்தோர். மற்றவர், இளமையில் எம்மொழியையும் முழுமையாகப் பெறாதோர். முதற்பிரிவினரே சைகை மொழியில் மிகச் சிறந்து விளங்கினர். உரிய பருவத்தில் ஒரு மொழி உள்ளத்தில் நிலைபெற்றால், பின்னர் வரும் மொழிக்கும் அது நிலமாக அமைகிறது. கான்ராடின் ஆங்கிலம் செழித்தது, தந்தை விதைத்த போலந்து மொழியின் நிலத்தில்தான் எனலாம்.

தெரிந்து தெளிவோம்

பிறந்த சில மாதங்கள் வரை குழந்தைகள் தாம் கேட்டறியாத மொழிகளின் ஒலி வேறுபாடுகளையும் உணர்கின்றனர். 1984ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், இந்தி மொழியின் பல்லொலிக்கும் நாவளை ஒலிக்கும் (தமிழின் த, ட போன்றவை) உள்ள வேறுபாட்டை, ஆங்கிலச் சூழலில் பிறந்த 6 முதல் 8 மாதக் குழந்தைகளுள் பெரும்பாலோர் உணர்ந்தனர். 10 முதல் 12 மாதக் குழந்தைகளுள் மிகச் சிலரே உணர்ந்தனர். செவி, முதலாண்டிலேயே தன் மொழிக்கு ஏற்பத் தன்னை அமைத்துக்கொள்கிறது.

நிறைவாக

1924ஆம் ஆண்டு பிரித்தானிய அரசு வழங்க முன்வந்த வீரத்திருத்தகைப் பட்டத்தைக் கான்ராட் ஏற்க மறுத்தார். அவ்வாண்டு ஆகஸ்ட் 3ஆம் நாள் தம் அறுபத்தாறாம் வயதில் இயற்கை எய்தினார். இங்கிலாந்தின் காண்டர்பரி நகரில் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது. கல்லறைக் கல்லில், நூல்களில் இடம்பெறாத கோஜெனியோவ்ஸ்கி என்னும் குடும்பப் பெயரும் பொறிக்கப்பட்டது. ஆனால் தியோடோர் என்னும் பெயரில் ஓர் எழுத்துப்பிழை நேர்ந்துவிட்டது. ஆங்கிலத்தின் ஒலிகள் அவர் நாவுக்கு வசப்படாததுபோல், அவர் பெயரின் ஒலிகள் ஆங்கிலக் கல்லுக்கும் வசப்படவில்லை.

வயது சில வாயில்களை அடைக்கிறது என்பது உண்மை. அடைபடாத வாயில்கள் எத்தனை என்பதைக் கான்ராடின் வாழ்வு காட்டுகிறது. சொல்வளம், தொடரமைப்பு, சிந்தனை ஆகிய வாயில்கள் உழைப்போருக்கு எவ்வயதிலும் திறந்தே உள்ளன. ஒருவரின் உச்சரிப்பைக் கேட்டு நகைப்போர், அவர் எத்தனை தொலைவு கடந்து அம்மொழிக்கு வந்து சேர்ந்தார் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் வாழும், தமிழைத் தாய்மொழியாகக் கொள்ளாத ஒருவரைச் சந்தித்து, அவர் எவ்வயதில் தமிழ் கற்றார், எவ்வொலிகள் அவருக்குக் கடினமாக இருந்தன என்பனவற்றைக் கேட்டறிந்து எழுதுக.

2. வீரமாமுனிவர், ஜி.யு. போப் ஆகியோர் தமிழ் கற்கத் தொடங்கிய வயதையும் அவர்தம் தமிழ்ப்பணிகளையும் தொகுத்து, கான்ராடின் வாழ்வோடு ஒப்பிடுக.

3. 'பிறமொழி கற்க ஏற்ற பருவம் இளமையே' என்னும் தலைப்பில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.